இணைப்புச் சொற்களை எண்ணி மதிப்பெண் இடாதீர்கள்: எல்லைப்புறத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும், தமிழ்ப் பாடத்துக்கு வினாத்தாள் அமைப்போருக்கும், விடைத்தாள் திருத்துவோருக்கும் வணக்கம்.

வாதக் கட்டுரைக்கு மதிப்பெண் இடும்போது அதில் எத்தனை இணைப்புச் சொற்கள் வந்துள்ளன என்று எண்ணும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் ஆசிரியன் அல்லன். கொழிஞ்சாம்பாறையில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். வில்லேஜ் ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் கிருஷி பவன் எனப்படும் வேளாண் அலுவலகத்துக்கும் நீர்ப்பாசனத் துறைக்கும் தமிழில் மனு வேண்டுவோர் பகலில் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மாலையில் கட்டுரை நோட்டோடு வருகிறார்கள். பெற்றோர் வாயால் சொல்லும் வாதத்தையும் பிள்ளைகள் தாளில் எழுதும் வாதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நேர்வதால், பள்ளியில் விதைப்பது பிற்பாடு எப்படி விளைகிறது என்பது என் கண்ணில் படுகிறது.

இப்பகுதிப் பள்ளி ஒன்றில் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். 'மேலும்', 'எனவே', 'ஆகவே', 'எனினும்', 'மாறாக', 'அதாவது', 'குறிப்பாக' என்று பக்கம் நிறையச் சொற்கள். ஒவ்வொரு பத்தியும் இவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்க வேண்டும் என்றும், கட்டுரை முழுவதும் இவை தாராளமாக வந்தால் நடைக்குரிய மதிப்பெண் முழுவதும் கிடைக்கும் என்றும் அடியில் ஒரு குறிப்பு. கொடுத்தவரின் நோக்கத்தில் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் உதிரியாகக் கிடப்பதைக் கண்டு சலித்த ஒருவர்தான் அத்தகைய தாளைத் தயாரித்திருக்க முடியும். ஆனால் அந்தத் தாளை மனப்பாடம் செய்த மாணவி ஒருத்தி, ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற தலைப்பில் எழுதிய பத்தி இது:

"முதலாவதாக, நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது. மேலும், நமது பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் அதிகமாக உள்ளன. ஆகவே, தென்னை விவசாயம் பாதிக்கப்படுகிறது. எனினும், அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். எனவே, ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு தேவை."

ஐந்து வாக்கியம், ஐந்து இணைப்புச் சொல். தாளின்படி இதற்கு முழு மதிப்பெண் இட்டாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரித்துப் பாருங்கள். 'முதலாவதாக' என்று தொடங்கினாள். இரண்டாவது எங்கும் வரவில்லை. 'மேலும்' என்றால் முன்சொன்ன காரணத்தோடு அதே பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரணம் வர வேண்டும். இங்கே முதல் வாக்கியம் உலகப் பொது உண்மை, இரண்டாவது ஊர் நிலவரம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடியவை அல்ல. ஆழ்துளைக் கிணறு பெருகினால் தென்னை ஏன் காய வேண்டும் என்பதைச் சொல்லாமலே 'ஆகவே' அந்த இடைவெளியைத் தாண்டுகிறது. 'எனினும்' எதை விட்டுக்கொடுத்து எதை வற்புறுத்துகிறது என்று எழுதியவளாலும் சொல்ல முடியவில்லை. கேட்டபோது, "அந்த எடத்துல ஒண்ணு போடணும்ல மாமா" என்றாள். கடைசி 'எனவே' மட்டும் ஓரளவு தன் வேலையைச் செய்கிறது. அதுவும், முன்னே உள்ளவை சரியாக நின்றிருந்தால்தான். கல் வைக்காத இடத்தில் சாந்து மட்டும் பூசிய சுவர் இது.

அதே மாணவியிடம் சொற்பட்டியலை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, உன் வீட்டுத் தென்னை ஏன் காய்ந்தது என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதியபோது வந்தது இது:

"நம் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, பழைய திறந்த கிணறுகள் கோடை தொடங்கும் முன்பே வற்றிவிடுகின்றன. வற்றிய கிணற்றை மேலும் ஆழப்படுத்தப் பணமில்லாதவர்களின் தென்னைதான் முதலில் காய்கிறது. தன் நிலத்தில் தோண்டுவது தன் உரிமை என்று நிலத்துக்காரர் கூறலாம். ஆனால் அவர் இறைக்கும் நீர் அவருடைய வேலியோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்குக் கட்டுப்பாடு தேவை."

தனிச் சொற்களாக இணைக்கும் வேலைக்கு வந்தவை இரண்டே, 'ஆனால்' ஒன்று, 'ஆகவே' ஒன்று. இரண்டாம் வாக்கியத்திலுள்ள 'மேலும்' இணைப்புச் சொல்லே அன்று. எண்ணிப் பார்க்கும் முறையில் இந்தப் பத்தி தோற்கும். ஆனால் முதற் பத்தியில் இல்லாத தொடர்ச்சி இதில் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 'பெருகியதால்' என்பதிலுள்ள 'ஆல்' காரணத்தைச் சொல்லிவிட்டது. 'தாழ்ந்து' என்ற வினையெச்சம் அடுத்து நேர்வதை இழுத்து வந்துவிட்டது. 'வற்றிவிடுகின்றன' என்று முடிந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்து 'வற்றிய கிணற்றை' என்று அடுத்த வாக்கியம் தொடங்குவது, செய்யுளில் அந்தாதி செய்கிற வேலையையே உரைநடையில் செய்கிறது. 'தென்னைதான்' என்பதிலுள்ள 'தான்', பணமுள்ளவரின் தென்னை பிழைத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

தமிழில் இணைப்பின் பெரும்பகுதி வினைச்சொல்லின் உடம்பிலேயே நடக்கிறது. பெய்து, பெய்ய, பெய்தால், பெய்தாலும், பெய்தும், பெய்ததால், பெய்யாவிட்டால் என்று ஒரே வினை காலத்தையும் காரணத்தையும் நிபந்தனையையும் முரணையும் சுமக்கிறது. 'மழை பெய்தும் கிணறு நிரம்பவில்லை' என்று நான்கு சொல்லில் முடிகிற காரியத்துக்கு, 'மழை பெய்தது. எனினும், கிணறு நிரம்பவில்லை' என்று இரண்டு வாக்கியமும் ஒரு காற்புள்ளியும் எதற்கு? 'உம்' என்னும் இடைச்சொல்லாகிய உம்மைக்கு நன்னூல் எட்டுப் பொருள் கூறுகிறது. தொல்காப்பியமும் எட்டே கூறியது. 'எங்கள் கிணறும் வற்றியது' என்றால் வேறு ஏதோ முன்னரே வற்றியிருக்கிறது. 'வற்றாத குளமும் வற்றியது' என்றால் நிலைமையின் கடுமை தெரிகிறது. 'நான்கு கிணறுகளும் வற்றின' என்றால் மிச்சம் எதுவும் இல்லை. எச்சவும்மை, சிறப்பும்மை, முற்றும்மை என்று இலக்கண வகுப்பில் இவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை, கட்டுரை வகுப்பில் இவற்றைத் தொடுவதே இல்லை. இலக்கணத்தையும் கட்டுரையையும் நாம் வெவ்வேறு மணிநேரங்களில் வைத்திருப்பதன் விளைவு இது என்பது என் எண்ணம்.

அப்படியானால் தனி இணைப்புச் சொற்களே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஒரே எண்ணத்துக்குள் நிகழும் இணைப்புக்கு விகுதி போதும். ஓர் எண்ணத்திலிருந்து மற்றோர் எண்ணத்துக்கும், ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்கும் செல்லும்போது படிப்பவருக்குத் திசை காட்டத் தனிச்சொல் தேவைப்படுகிறது. திசை மாறாத இடத்தில் அது வெறும் இரைச்சல். அடுத்தடுத்த காரணங்களைச் சொல்லிக்கொண்டே போகிற பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் 'மேலும்' வைத்தால் வாதம் வலுப்பெறுவதில்லை. அடுத்தது என்ன என்று எழுதுபவருக்கே தெரியவில்லை என்றுதான் படுகிறது.

ஒவ்வொரு சொல்லும் தனக்கு முன்னால் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பட்டியல் சொல்லித் தருவதில்லை. 'மாறாக' என்பதற்கு முன் ஒரு மறுப்பு வந்திருக்க வேண்டும்: 'கட்டுப்பாடு விவசாயிக்கு எதிரானது அன்று, மாறாக, சிறு விவசாயியின் கிணற்றைக் காப்பது.' பிள்ளைகள் அதை 'ஆனால்' என்பதன் அழகான வடிவம் என்று நினைத்துக் கண்ட இடத்தில் எழுதுகிறார்கள். 'அதாவது' முன்சொன்னதையே தெளிவாக்க வேண்டும். அதற்குப் பின்னால் புதிய செய்தி வரக்கூடாது. 'குறிப்பாக' என்றால் வட்டம் சுருங்க வேண்டும்; 'கேரளம் நீர்வளம் மிக்கது, குறிப்பாக இந்தியாவில் பல ஆறுகள் உள்ளன' என்று ஒரு விடையைக் கண்டேன், அதில் வட்டம் விரிந்துவிட்டது. 'அதனால்', 'எனவே' இரண்டையும் இன்று எல்லாரும் மாற்றி மாற்றி எழுதுகிறோம்; அதைத் தவறு என்று சிவப்பு மையிட மாட்டேன். என் செவிக்கு மட்டும், நடந்ததன் விளைவைச் சொல்ல 'அதனால்' என்பதும், சொன்னவற்றிலிருந்து முடிவெடுக்க 'எனவே' என்பதும் பொருத்தமாகப் படுகின்றன.

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் படிப்பது தமிழ்வழியில். ஆனால் பேருந்தில், கடையில், தொலைக்காட்சியில், அலுவலகத்தில் அவர்கள் காதில் விழும் வாதங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் நிகழ்கின்றன. மலையாளத்தில் 'என்னால்' என்பது 'ஆனால்' என்ற பொருளில் வரும். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, "ஆழ்துளைக் கிணறு உடனே பயன் தரும், என்னால் நாளடைவில் கெடுதல்" என்று எழுதுகிறது. தமிழ் மட்டும் அறிந்தவர் அதைப் படித்தால் கெடுதலுக்கு எழுதியவரே பொறுப்பேற்பதாக நினைப்பார். இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். அதே பொருளுடைய 'பக்ஷே' எழுத்தில் வந்தால் அதையும் திருத்தலாம். ஆனால் 'காரணம்,' என்று வாக்கியத்தைத் தொடங்குவதையெல்லாம் மலையாள வாடை என்று சொல்லி அடிப்பது தேவையற்ற கடுமை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் அது நாள்தோறும் வருகிறது, பொருளும் குழம்புவதில்லை. நகரி, குப்பம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நாவில் 'ஆனால்' என்ற பொருளுடைய தெலுங்குக் 'கானி'யும் 'ஆகவே' என்ற பொருளுடைய 'காபட்டி'யும் இதேபோல் ஏறியிருக்கும். அங்குள்ள ஆசிரியர்களும் பொருள் கெடுகிறதா இல்லையா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் போதும்.

இதில் எனக்கென்ன அக்கறை என்றால், பிள்ளைகள் பெரியவர்களாகி என் மேசைக்குத்தான் வருகிறார்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினராகிய தமிழரும் கன்னடரும், சிறுபான்மைப் பகுதியென்று அரசு அறிவித்த இடங்களிலுள்ள அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்றும், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் தமிழில் வாதிடத் தெரிந்திருக்க வேண்டும். மனுவைப் படிக்கும் அதிகாரி பல வேளைகளில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிப்பவர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பை அவரே ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

சென்ற கோடையில் கடைமடை விவசாயி ஒருவர் வந்தார். தமிழ்நாடும் கேரளமும் நீரைப் பகிர்ந்துகொள்வதற்கான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது என்பதும், அதன்படி ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. "ஏழே கால் டி.எம்.சி. தரோணும்னு ஒப்பந்தமே இருக்குதுங்க. ஆகவே என்ற வயலுக்குத் தண்ணி வந்தாகோணும்னு எழுதுங்க" என்றார். 'ஆகவே' என்ற சொல்லை அவர் பேச்சுவழக்கில் அல்ல, மேடைத் தமிழில்தான் சொன்னார். அது பள்ளியில் கற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த 'ஆகவே' மணக்கடவிலிருந்து ஒரே எட்டில் அவருடைய வயலுக்குத் தாவுகிறது. நடுவே சித்தூர்ப்புழை என்று மலையாளத்தில் வழங்கும் ஆறு இருக்கிறது. மூலத்தறைத் தடுப்பணை இருக்கிறது. அங்கிருந்து பிரியும் வாய்க்கால்கள், கிளை வாய்க்கால்கள், மேல்மடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பேசுவது மணக்கடவில் வந்து சேரும் நீரைப் பற்றியே. அவர் சொன்னபடி எழுதியிருந்தால், ஒப்பந்த நீர் வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வரிப் பதிலோடு கோப்பை மூடிவிடலாம்.

அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய மனு இப்படி அமைந்தது: "மூலத்தறையிலிருந்து வாய்க்காலில் நீர் திறக்கப்பட்டிருந்த நாள்களிலும் எங்கள் கிளை வாய்க்காலின் கடைசி மடைக்கு நீர் எட்டவில்லை. மேல்மடைகளில் முறை வைக்காமல் நீர் எடுக்கப்படுவதே இதற்குக் காரணம். மேல்மடைக்காரர்களின் பயிருக்கும் நீர் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் ஒரே வாய்க்காலுக்குத் தீர்வை செலுத்தும் நாங்கள் முற்றிலும் விடப்படுவது நியாயமன்று. ஆகவே முறை வைத்து நீர் விடவும், கடைமடை வரை நீர் எட்டுவதைக் கண்காணிக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்." இங்கும் ஒரு 'ஆகவே' உண்டு. அது ஒரு படி மட்டுமே இறங்குகிறது. படிப்பவர் கால் இடறாமல் பின்தொடரலாம்.

அந்த மனுவின் மூன்றாவது வாக்கியத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டுகிறேன், ஏனெனில் நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் அறவே காணப்படாதது அதுதான். எதிர்த்தரப்பை முதலில் பேசவிட்டு, அதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டு, பின் தன் வாதத்துக்குத் திரும்புவது நமக்குப் புதிதன்று. பழைய இலக்கண உரையாசிரியர்களின் உரைநடை அப்படித்தான் நடக்கும். 'அஃதேல்' என்று எதிரியின் ஐயம் எழும், 'எனின்' என்று அது முடியும், 'அற்றன்று' என்று மறுப்பு வரும், 'ஏன்' என்ற பொருளில் 'என்னை?' என்று காரணம் கேட்கப்படும். 'ஆகலான்' என்று முடிவு கட்டப்படும். அவர்கள் இச்சொற்களை அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் விவாதத்தில் ஒரு நாற்காலி உண்டு, அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே சொல் வரும். 'எனினும்' என்று எழுதும் மாணவர், தாம் எந்த எதிர்வாதத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அப்படி எழுதுகிறார் என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால், அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் தாராளமாக மதிப்பெண் இடலாம்.

வினாத்தாள் அமைப்போரிடம் என் வேண்டுகோள் இது. தொடர்பற்ற ஒற்றை வாக்கியங்களைக் கொடுத்து, 'பொருத்தமான இணைப்புச் சொல்லால் நிரப்புக' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு முழுப் பத்தியைக் கொடுங்கள். தேவையற்ற இணைப்புச் சொற்களை அதில் திணித்து, எவற்றை நீக்கலாம், நீக்கிய பின் எந்த இரு வாக்கியங்களை வினையெச்சத்தால் ஒன்றாக்கலாம் என்று கேளுங்கள். அல்லது ஒரு கருத்தையும் அதற்கான காரணங்களையும் வரிசை மாற்றிக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். வரிசை சரியானால் பாதி இணைப்பு தானாக அமைந்துவிடும். எதிர்த்தரப்பின் பத்தியை மட்டும் எழுதச் சொல்லி ஒரு வினா ஆண்டுக்கு ஒருமுறையாவது வரட்டும்.

திருத்துவோருக்கு நான் சொல்லக்கூடியது, மனு எழுதும்போது நானே செய்துபார்க்கும் ஒரு சிறு சோதனை. இணைப்புச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள். சொல் இல்லாமலே தொடர்பு விளங்கினால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதிப்பெண் மாற வேண்டியதில்லை. தொடர்பு மங்கலாக இருந்து, விரலை எடுத்ததும் தெளிந்தால், அங்கே அந்தச் சொல் உழைக்கிறது; அதைப் பாராட்டுங்கள். விரலை எடுத்ததும் பொருள் குழம்பினால், சொல்லைச் சுழித்துவிட்டு நிற்காமல், 'ஏன்?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். இத்தனை விடைத்தாளுக்கு அவ்வளவு நேரம் எங்கே என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குக் கேட்காமல் இல்லை. எல்லாத் தாளுக்கும் வேண்டாம், வகுப்புத் தேர்வுத் தாள்களுக்கு மட்டுமாவது செய்யலாம்.

வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு, எழுதியவர் பெயரும் சர்வே எண்ணும் நீக்கிய பழைய மனுக்களின் நகல்களைத் தர அணியமாக இருக்கிறேன். உரியவர்களின் சம்மதம் பெற்றவற்றை மட்டுமே தருவேன். மேலே சொன்ன கடைமடை மனு, அவர் முதலில் சொன்ன வடிவத்திலும் பின்னர் எழுதிய வடிவத்திலும் இருக்கிறது. சந்தை நாள் தவிர மற்ற நாள்களில் மாலையில் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன் ஒருவன்,
கொழிஞ்சாம்பாறை.